அச்சிட்டு வெட்டிக்கொள்ளும் குறிப்பட்டைகள்: ஆறு மாத ஆட்டத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், சண்டை சூடுபிடித்திருக்கும் நேரத்தில் கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று வலையை வீசுகிறது; வலைக்குள் சிக்கிய வீரன் "ரெஸ்ட்ரெயின்ட்" என்ற கட்டுண்ட நிலைக்குப் போய்விட்டான் என்று, ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர் அறிவிக்கிறார். உடனே மேசையைச் சுற்றிக் கேள்விகள் எழுகின்றன. அவனால் நகர முடியாது என்பது சரி, ஆனால் பக்கத்தில் நிற்கும் எதிரியை வெட்டலாமா, வெட்டினால் பகடையை ஒரு முறை உருட்டுவதா இரண்டு முறை உருட்டுவதா, அவனை நோக்கி வரும் தீயிலிருந்து விலகும் வாய்ப்பு குறைகிறதா? ஒருவர் விதிநூலின் பின்னிணைப்பைப் புரட்டுகிறார், இன்னொருவர் கைப்பேசியில் தேடுகிறார், மூன்றாமவர் தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று சொல்லித் தவறான விதியைச் சொல்கிறார். விடை நான்கு வரிக்கு மேல் வராது, ஆனால் அது கிடைப்பதற்குள் சண்டையின் சூடு ஆறிப்போய்விடுகிறது. விதிகளைச் சுருக்கி எழுதிக் கையில் வைத்துக்கொள்ளும் குறிப்பட்டை என்ற பொருளுக்குத் தேவை பிறப்பது இந்த இடத்தில்தான், அதை மதிப்பிட வேண்டியதும் இந்த இடத்தில் வைத்துத்தான்.

நான் ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருவது, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்காக, 2014-இல் வெளியான விதிகளை ஒட்டித் தனிநபர் ஒருவர் தயாரித்து விற்கும் பிடிஎஃப் தொகுப்பு ஒன்று. ஐந்து ஆட்டக்காரர்களுக்கு நான் டஞ்சன் மாஸ்டராக இருக்கிறேன். அவர்களில் இருவர் இதற்கு முன் இவ்வகை விளையாட்டு எதையும் ஆடியதில்லை. தயாரித்தவரின் பெயரையும் தொகுப்பின் பெயரையும் வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன், ஏனென்றால் இங்கே நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை, இதே வகையில் நான் தரவிறக்கிப் பார்த்த வேறு சில தொகுப்புகளிலும் அப்படியே இருந்தன. ஒருவரை மட்டும் நிறுத்திவைத்துக் கேட்பது நியாயமாகாது. தொகுப்பில் நான்கு வகை அட்டைகள் இருக்கின்றன: பாத்திரங்களுக்கு ஏற்படும் நிலைகளைச் சொல்லும் அட்டைகள், ஒருவர் தன் முறை வரும்போது செய்யக்கூடிய செயல்களைச் சொல்லும் அட்டைகள், மந்திர அட்டைகள், நாமே நிரப்பிக்கொள்ளும் வெற்று அட்டைகள். எல்லாம் சீட்டுக்கட்டின் அளவில், அதாவது 63.5 மி.மீ. அகலமும் 88.9 மி.மீ. உயரமும் கொண்டவையாக, ஒரு பக்கத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன.

நான்கில் சந்தேகமில்லாமல் சிறந்தவை நிலை அட்டைகள். ஐந்தாம் பதிப்பில் பார்வையிழத்தல், மயங்குதல், தரையில் விழுதல் முதலாக மொத்தம் 15 நிலைகள் உண்டு. விதிநூலில் இவை அகரவரிசையில், ஒரே மாதிரியான புள்ளிவரிகளாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் புள்ளிவரிகள் முழுமையானவைதான், ஆனால் எந்த வரி யாருக்கு உரியது என்பது படித்து முடித்த பிறகே தெரியும். இந்தத் தொகுப்பில் அட்டையின் முகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மேல்பாதியில் அந்த நிலையில் இருப்பவர் செய்ய முடியாதவை, கீழ்ப்பாதியில் மற்றவர்கள் அவர்மீது செய்யும்போது மாறுபவை. ரெஸ்ட்ரெயின்ட் அட்டையை எடுத்துக்கொண்டால், மேலே மூன்று வரிகள்: உன் வேகம் பூஜ்யம், உன் தாக்குதல்களை டிஸ்அட்வான்டேஜுடன் உருட்டு, அதாவது இரண்டு பகடை உருட்டிச் சிறிய எண்ணை எடுத்துக்கொள், ஆபத்திலிருந்து விலகித் தப்ப உருட்டும் டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோவுக்கும் அதுவே. கீழே ஒரே வரி: உன்மீது வரும் தாக்குதல்களுக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடையில் பெரிய எண். வலைக்குள் சிக்கிய வீரனை ஆடுபவர் மேல்பாதியைப் படித்தால் போதும், கோப்ளினை ஆடும் நான் கீழ்ப்பாதியைப் படித்தால் போதும். முதல் பத்தியில் எழுந்த அத்தனை கேள்விகளுக்கும் பதில், கண்ணை ஒரு முறை ஓட்டும் நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய பயன் ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. அட்டை ஒரு பொருள் என்பதால் அதை ஒருவர் முன்னால் வைக்க முடிகிறது. முன்பெல்லாம் ஐந்து பேரில் யார் நஞ்சுண்டிருக்கிறார், யார் அஞ்சி நிற்கிறார் என்பதை நான்தான் தாளின் ஓரத்தில் கிறுக்கி நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது, பாதி நேரம் மறந்தும்போவேன். இப்போது நஞ்சு ஏறியவர் முன்னால் நஞ்சு அட்டை கிடக்கிறது. தீர்ந்ததும் அவரே எடுத்து என்னிடம் நீட்டுகிறார். தனக்குப் பாதகமான விதியைத் தானே நினைவூட்டும் நேர்மை ஆட்டக்காரர்களிடம் இயல்பாக வந்துவிடுகிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் கண்ணெதிரே கிடக்கும் அட்டையை யாராலும் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. களைப்பு நிலையைச் சொல்லும் எக்ஸாஷன் அட்டையில் இந்த உத்தி இன்னும் நன்றாக வேலை செய்கிறது. 2014 விதிப்படி களைப்புக்கு ஆறு படிகள் உண்டு: முதல் படியில் திறன் சோதனைகளுக்கு டிஸ்அட்வான்டேஜ், இரண்டாவதில் வேகம் பாதி, மூன்றாவதில் தாக்குதலுக்கும் சேவிங் த்ரோவுக்கும் டிஸ்அட்வான்டேஜ், நான்காவதில் உயிர்ப்புள்ளிகளின் உச்சவரம்பு பாதி, ஐந்தாவதில் வேகம் பூஜ்யம், ஆறாவதில் சாவு. அட்டையின் வலது ஓரத்தில் இந்த ஆறு படிகளும் ஏணிபோல வரையப்பட்டிருக்கின்றன. காகித கிளிப் ஒன்றைச் செருகி, படி ஏற ஏறக் கீழே நகர்த்துகிறோம். கிளிப் ஐந்தாவது படிக்கு வந்த அன்று மேசையில் யாரும் பேசவில்லை.

நிலைகள் 15 என்பதால் இரண்டாவது பக்கத்தில் மூன்று இடங்கள் மிஞ்சுகின்றன. அவற்றைத் தயாரிப்பாளர் வீணாக்காமல் மறைப்பு, மரண உருட்டல் (உயிர்ப்புள்ளி தீர்ந்து விழுந்தவர் பிழைப்பாரா என்று பார்ப்பது), மனச்செறிவு (மந்திரத்தைத் தொடர்ந்து தாங்கிப் பிடிப்பது) ஆகிய மூன்றுக்கும் கொடுத்திருப்பது ஆட்டத்தை உண்மையிலேயே ஆடிய ஒருவரின் தேர்வு. பாதி மறைப்புக்குத் தற்காப்பில் 2 கூடும், முக்கால் மறைப்புக்கு 5 கூடும், முழு மறைப்பில் நேரடியாகக் குறிவைக்க முடியாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் நிற்பதில்லை. மரண உருட்டல் அட்டையில் வெற்றிக்கு மூன்று வட்டங்களும் தோல்விக்கு மூன்று வட்டங்களும் இருக்கின்றன. 10-உம் அதற்கு மேலும் வெற்றி, 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு உயிர்ப்புள்ளியுடன் எழுந்துவிடலாம் என்பதெல்லாம் வட்டங்களுக்கு அருகிலேயே எழுதியிருக்கிறது. கண்ணாடி மணியை வட்டத்தில் வைத்துக்கொண்டே போகலாம், தாளில் அழித்து எழுத வேண்டியதில்லை.

ஆனால் இந்த நல்ல பகுதியில்தான் என்னை ஒரு மாலை முழுக்க ஏமாற்றிய பிழையும் இருந்தது. தரையில் விழுந்தவரைப் பற்றிய ப்ரோன் அட்டையின் கீழ்ப்பாதி, "உன்மீது வரும் தாக்குதல்களுக்கு அட்வான்டேஜ்" என்று சொல்லி நின்றுவிடுகிறது. விதி அதுவல்ல. தாக்குபவர் 5 அடிக்குள் இருந்தால்தான் அட்வான்டேஜ். அதற்கு அப்பாலிருந்து தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ், ஏனென்றால் படுத்துக்கிடப்பவரைத் தூரத்திலிருந்து குறிபார்ப்பது கடினம். எங்கள் வில்லாளி அன்று கீழே விழுந்த ஓகர் என்ற ராட்சதன்மீது 60 அடி தூரத்திலிருந்து அம்புகளை மழையாகப் பொழிந்து அதை வீழ்த்தினார். நான் அட்டையை நம்பி ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சரியான விதிப்படி அவர் சிறியதை அல்லவா எடுத்திருக்க வேண்டும்! வீட்டுக்குப் போய் நூலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஓகரை உயிர்ப்பிக்கவில்லை, அந்த அட்டையில் மட்டும் பேனாவால் திருத்தி எழுதிக்கொண்டேன். இடமில்லாமல் வெட்டிய வரி என்றும் சொல்ல முடியாது, அட்டையின் அடியில் இரண்டு வரிக்கு இடம் காலியாகவே இருந்தது.

சுருக்கி எழுதுவதில் உள்ள ஆபத்து இதுதான், செயல் அட்டைகளில் இது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. தாக்குதல், மந்திரம் போடுதல், ஓடுதல், விலகிச் செல்லுதல், தற்காத்தல், உதவுதல், ஒளிதல், காத்திருந்து செயல்படுதல், தேடுதல், பொருளைப் பயன்படுத்துதல் என்று 2014 விதிகளில் வரும் பத்துச் செயல்களுக்கும் தனித்தனி அட்டை உண்டு. தற்காப்பைச் சொல்லும் டாட்ஜ் அட்டையில், தாக்குபவரை நாம் பார்க்க முடிந்தால்தான் அது பலிக்கும் என்ற நிபந்தனை விடுபட்டிருக்கிறது. காத்திருந்து செயல்படும் ரெடி அட்டை அதைவிட மோசம். அதைப் படிப்பவர், ஒரு சுற்றில் தன் முறையைப் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் புரிந்துகொள்வார். உண்மையில் முறை மாறுவதே இல்லை. எது நடந்தால் செயல்படுவேன் என்பதையும் என்ன செய்வேன் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அது நடக்கும்போது எதிர்வினைக்கான தன் ரியாக்‌ஷனைச் செலவழித்துத்தான் அதைச் செய்ய முடியும், அந்த ரியாக்‌ஷன் ஏற்கெனவே செலவாகியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. புதிதாக வந்த இருவரும் அட்டையை நீட்டி "இதில் அப்படித்தானே போட்டிருக்கிறது" என்று வாதிட்டபோது, அச்சில் வந்ததற்கு இருக்கும் அதிகாரம் என் வாய்மொழிக்கு இல்லை என்பது தெரிந்தது. தவறான விதியை நினைவிலிருந்து சொல்பவரைத் திருத்துவது எளிது, தவறான அட்டையைக் கையில் வைத்திருப்பவரைத் திருத்துவது அப்படியல்ல.

இத்தனைக்கும் பிறகு, புதியவர்களுக்கு நான் இன்னும் கொடுப்பது செயல் அட்டைகளைத்தான். அதற்குக் காரணம் பத்து அட்டைகளும் கையில் விசிறிபோல விரிந்திருக்கும்போது, தாக்குதல் ஒன்றுதான் வழி என்ற எண்ணம் உடைந்துவிடுகிறது. முதல் சில ஆட்டங்களில் எல்லா முறையும் வாளை மட்டுமே வீசிக்கொண்டிருந்த ஒருவர், உதவுதல் அட்டையைக் கண்டுபிடித்த பின் மந்திரவாதியின் கழுகை வைத்து எதிரியின் கவனத்தைக் கலைக்கலாமா என்று கேட்கத் தொடங்கினார். புத்தகத்தில் அந்தச் செயல் எப்போதும் இருந்தது, யாரும் தேடிப் போகவில்லை.

மந்திர அட்டைகளைப் பற்றி இவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. தொகுப்பின் பெரும்பாலான பக்கங்களை அவையே அடைத்துக்கொள்கின்றன, விளம்பரத்தில் முன்னிறுத்தப்படுவதும் அவையே. இங்கே உரிமம் பற்றிய ஒரு பின்னணி இருக்கிறது. இந்த விளையாட்டின் விதிகளில் ஒரு பகுதியை அதன் பதிப்பாளர் தனி ஆவணமாகப் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டிருக்கிறார். 2023 ஜனவரியில் அந்த ஆவணம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழும் வந்தது. தனிநபர்கள் அட்டை தயாரித்து விற்க முடிவது அதனால்தான். ஆனால் முழு விதிநூலில் உள்ள எல்லா மந்திரங்களும் அந்த ஆவணத்தில் இல்லை. எங்கள் மேசையில் வார்லாக் என்ற மந்திரவாதி வகையை ஆடுபவருக்கு மிகவும் பிடித்த ஹெக்ஸ் மந்திரம் அதில் கிடையாது, ஆகவே தொகுப்பிலும் கிடையாது. வேறு சில மந்திரங்கள் இருந்தும் பெயர் மாறியிருக்கின்றன, ஏனென்றால் புகழ்பெற்ற மந்திரவாதிகளின் பெயர்கள் பொது ஆவணத்தில் நீக்கப்பட்டுவிட்டன. பிக்பிஸ் ஹேண்ட் என்று நூலில் இருப்பது இங்கே ஆர்கேன் ஹேண்ட், டாஷாஸ் ஹிடியஸ் லாஃப்டர் இங்கே வெறும் ஹிடியஸ் லாஃப்டர். இது தயாரிப்பாளரின் குற்றமன்று. ஆனால் அகரவரிசையில் அடுக்கிய கட்டில் ஒருவர் "பி" வரிசையில் தேடிக்கொண்டிருக்க அட்டை "ஏ" வரிசையில் கிடக்கும் என்பதை எங்காவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். விடுபட்டவை எவை என்ற பட்டியலும் இல்லை, வாங்கி அச்சிட்ட பிறகே தெரியவருகிறது.

அடுத்தது எழுத்தின் அளவு. ஃபயர்பால் போன்ற மந்திரம் அட்டைக்கென்றே பிறந்தது: 150 அடி தூரம், 20 அடி ஆரம், டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ, ஆறு முகப் பகடை எட்டு, தப்பியவருக்குப் பாதிச் சேதம். முக்கால் அட்டையில் அடங்கிவிடுகிறது, வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும் என்பதைச் சொல்லவும் இடம் மிஞ்சுகிறது. ஆனால் மாயத்தோற்றம், உருமாற்றம் போன்ற மந்திரங்களுக்கு நூலிலேயே நீண்ட விளக்கம் உண்டு. அவற்றை அதே அளவுக்குள் திணிப்பதற்காக எழுத்தைக் கடுகாக்கியிருக்கிறார்கள்; நான் பிரிண்ட் எடுத்துப் பார்த்ததில், கையில் பிடித்து விளக்குக்கு நேராகக் காட்டினால்தான் படிக்க முடிகிறது. இன்னும் நீண்டவற்றில் "மீதியை நூலில் காண்க" என்று முடித்துவிட்டார்கள். நூலைத் திறக்காமலிருக்கத்தானே அட்டை? இப்படிப்பட்டவற்றை முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் அச்சிட்டிருக்கலாம், அல்லது 70 மி.மீ.க்கு 120 மி.மீ. கொண்ட டாரோ சீட்டின் அளவை எடுத்துக்கொண்டிருக்கலாம்.

மந்திர அட்டைகளில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம். மனச்செறிவு தேவைப்படும் மந்திரங்களின் மேல்மூலையில் கண் வடிவக் குறி பெரிதாக இருக்கிறது. ஒருவர் ஒரே நேரத்தில் இப்படிப்பட்ட மந்திரம் ஒன்றைத்தான் தாங்கிப் பிடிக்க முடியும், அடிபட்டால் 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரியதோ அந்த எண்ணையோ அதற்கு மேலோ உருட்டியாக வேண்டும். கண் குறி உள்ள அட்டையை மேசையில் முன்தள்ளி வைப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டோம். இரண்டாவது கண் அட்டை முன்னால் வரும்போது முதலாவது பின்னால் போக வேண்டும் என்பதை இப்போது யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

இனி அச்சிடும் வேலைக்கு வருகிறேன். நீங்கள் வாங்குவது கோப்பு மட்டுமே, அட்டையாக்குவது உங்கள் பொறுப்பு என்பதால் இந்தப் பகுதியை உள்ளடக்கத்துக்கு நிகராகவே எடைபோட வேண்டும். தொகுப்பின் பக்கங்கள் 215.9 மி.மீ.க்கு 279.4 மி.மீ. கொண்ட லெட்டர் அளவில் அமைக்கப்பட்டுள்ளன. ஏ4 தாளோ 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் கொண்டது. பிரிண்டரின் வழக்கமான அமைப்பு பக்கத்தைத் தாளுக்குள் பொருத்து என்பதாக இருந்தால், அது கோப்பை ஏறக்குறைய 97 விழுக்காட்டுக்கோ அதற்கும் கீழேயோ சுருக்கிவிடும், 63.5 மி.மீ. அகலமுள்ள அட்டை 62 மி.மீ.கூட வராது. தனியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் 66 மி.மீ.க்கு 91 மி.மீ. உள்ள வழக்கமான ஸ்லீவுக்குள், அதாவது பிளாஸ்டிக் உறைக்குள், போட்டால் அட்டை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும், பிறகு சரியான அளவில் அச்சிட்ட அட்டைகளோடு கலந்தால் கட்டு ஒரு சீராக நிற்காது. தீர்வு எளியது. அச்சிடும்போது உண்மை அளவு அல்லது 100 விழுக்காடு என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மூன்று அட்டைகளின் மொத்த அகலம் 190.5 மி.மீ. என்பதால் ஏ4 தாளில் இரு பக்கமும் ஒன்பது மி.மீ.க்கு மேல் இடம் மிஞ்சுகிறது. கோப்பின் முதல் பக்கத்தில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் என்னுடைய முதல் ஆறு தாள்கள் குப்பைக்குப் போயிருக்காது.

அடுத்த ஆறு தாள்கள் வேறொரு காரணத்தால் போயின. நிலை அட்டைகளுக்குப் பின்பக்கமும் உண்டு, அதில் நிலையின் பெயரும் படமும் பெரிதாக இருக்கும். தாளை நீளவாக்கில் புரட்டி இருபுறமும் அச்சிடும்போது இடமும் வலமும் மாறிவிடும் என்பதால், பின்பக்கத்தின் வரிசையைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அடுக்கியிருக்க வேண்டும். இங்கே முன்பக்கம் எந்த வரிசையோ பின்பக்கமும் அதே வரிசை. விளைவாக, முதல் வரிசையில் ப்ளைண்டட், சார்ம்ட், டெஃபென்ட் என்ற மூன்றும் அச்சாகி வந்தபோது பார்வையிழந்தவரின் முதுகில் செவியிழந்தவரும், செவியிழந்தவரின் முதுகில் பார்வையிழந்தவரும் இருந்தார்கள். ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் இருந்த அட்டைகள் மட்டும் சரியாக இருந்ததால், வெட்டி முடித்து ஸ்லீவில் போடும்வரை நான் இதைக் கவனிக்கவேயில்லை. எடுத்துப் பார்த்தது நடு அட்டையைத்தான்.

வரிசை சரியாக இருந்தாலும் வீட்டு பிரிண்டர்கள் முன்னும் பின்னும் அச்சொட்டப் பொருந்த அச்சிடுவதில்லை, ஓரிரு மி.மீ. நகர்வு சாதாரணம். அதைச் சமாளிக்கும் வடிவமைப்பு உண்டு: முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் அருகருகே அச்சிட்டு நடுவில் மடித்து ஒட்டிக்கொள்வது. அப்போது இருபுறமும் அச்சிடவே தேவையில்லை, மடிப்பு தானே பொருத்திவிடும். இந்தத் தொகுப்பு அந்த வழியைத் தரவில்லை. அட்டைகள் இடைவெளியில்லாமல் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதும், ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய கறுப்புக் கரை இருப்பதும் வெட்டுபவருக்கு இன்னொரு சோதனை. கத்தி அரை மி.மீ. விலகினால் ஒரு அட்டையின் கரை தடித்தும் பக்கத்து அட்டையின் கரை மெலிந்தும் போய்விடும். கரையே இல்லாமல் வெள்ளை ஓரம் விட்டிருந்தால் அந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. கத்தரிக்கோலை நம்பாமல், இரும்பு அளவுகோலும் கூரிய கத்தியும், அல்லது கைப்பிடியுள்ள கட்டரும் வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் இறங்கலாம்.

பின்னணி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தோல்சுவடிபோலத் தோன்றும் பழுப்பு நிறம் எல்லா அட்டைகளிலும் நிரப்பப்பட்டிருக்கிறது. திரையில் அழகாக இருப்பது தாளில் மையைக் குடிக்கிறது, ஒன்பது அட்டைகள் கொண்ட ஒரு பக்கம் இங்க்ஜெட்டில் ஈரத்தோடு வளைந்துகொண்டு வெளியே வருகிறது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் பழுப்புப் பின்னணியும் அதன்மீது சிவப்பில் எழுதிய தலைப்புகளும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன. பின்னணியை நீக்கும் வசதி கோப்பில் அடுக்குகளாக இருக்கிறது, ஆனால் அது கணினியில் முழுமையான பிடிஎஃப் மென்பொருளில்தான் வேலை செய்தது, கைப்பேசியில் திறந்தபோது அந்தத் தெரிவே தென்படவில்லை. மை சிக்கனப் பதிப்பு என்று தனிக் கோப்பாகவே கொடுத்திருக்க வேண்டும். அட்டை வகைகளைச் சிவப்பு, பச்சை என்ற நிறத்தால் மட்டும் பிரித்திருப்பதும் சரியில்லை. எங்கள் மேசையில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது, அவருக்கு எல்லா அட்டையும் ஒரே கட்டுதான். மூலையில் ஒரு வடிவத்தை வைத்திருந்தால் போதுமானது.

தாளைப் பொறுத்தவரை முதலில் நான் 250 ஜி.எஸ்.எம். அட்டைத்தாளை வாங்கி, அதை என் பிரிண்டர் இழுக்காமல் பாதியில் மடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். எவ்வளவு தடித்த தாளை ஏற்கும் என்பதைக் கையேட்டில் முதலில் பார்க்காதது என் தவறு. பிறகு கண்டுபிடித்த வழி இதைவிட மலிவு: சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாளில் அச்சிட்டு வெட்டி, ஸ்லீவுக்குள் பழைய சீட்டு ஒன்றின் முன்னால் செருகிவிடுவது. விறைப்புக்குச் சீட்டு, பாதுகாப்புக்குப் பிளாஸ்டிக், விதி மாறினால் தாளை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். பின்பக்கப் பொருத்தம் என்ற தொல்லையும் ஒழிகிறது, சீட்டுக்குப் பின்னால் இன்னொரு தாளைப் போட்டால் முடிந்தது. ப்ரோன் அட்டையைத் திருத்தி மறுபடி அச்சிட்டது இப்படித்தான். எக்ஸாஷன், மரண உருட்டல் ஆகிய இரண்டை மட்டும் லேமினேட் செய்தேன்; அவைதான் ஓயாமல் கைக்குக் கை மாறுகின்றன. லேமினேட் செய்வதானால் முதலில் வெட்டிவிட்டுப் பிறகு உறையிட்டு, சுற்றிலும் இரண்டு மூன்று மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்ட வேண்டும். உறையிட்ட தாளை அப்படியே வெட்டினால் ஓரங்கள் சில வாரங்களில் பிரிந்துவிடுகின்றன.

வெற்று அட்டைகள் சுருக்கமாக முடிந்துபோகும் விஷயம். நிரப்பத்தக்க பெட்டிகள் இருக்கின்றன, ஆங்கிலத்தில் தட்டினால் சரியாக வருகிறது, தமிழில் தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறுகின்றன. நான் அவற்றை வெறுமையாகவே அச்சிட்டுப் பேனாவால் எழுதிக்கொள்கிறேன். எங்கள் கதையில் மட்டுமே வரும் சபிக்கப்பட்ட மோதிரம் போன்ற பொருள்களுக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது.

இந்த அட்டைகள் எல்லா விளையாட்டுக்கும் தேவையா என்று கேட்டால், இல்லை. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழியில் உருவான விளையாட்டுகளில் இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டி, 10-உம் மேலும் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை என்றால் விலையோடு வெற்றி, 6-உம் கீழும் என்றால் சிக்கல் என்ற ஒரே முறைதான் எங்கும். அடிப்படைச் செயல்கள் எல்லாம் ஒன்றிரண்டு தாள்களில் அடங்கிவிடும், அந்தத் தாள்கள் பெரும்பாலும் விளையாட்டோடு சேர்ந்தே வந்துவிடும், தனி அட்டைக்கு அங்கே வேலையில்லை. நேர்மாறாக, பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் 2019 பதிப்பில் நிலைகள் மட்டுமே 40-க்கும் மேல், பலவற்றுக்கு எண்ணும் உண்டு. அச்சம் 2 என்றால் உருட்டல்களில் 2 குறையும், அந்த அச்சமே ஒவ்வொரு முறை முடிவிலும் ஒன்று தணியும். அங்கே அட்டை இல்லாமல் ஆடுபவர்களின் நினைவாற்றலை நான் வியக்கிறேன்.

தொகுப்பை இப்போது வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று பதிப்பு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் 2024-இல் திருத்தப்பட்டன. களைப்பின் ஆறு படிகளும் தனித்தனி விளைவுகளை இழந்து, ஒவ்வொரு படிக்கும் 20 முகப் பகடை உருட்டலில் 2-உம் வேகத்தில் 5 அடியும் குறையும் என்று மாறின. ஆறாவது படியில் சாவு மட்டும் அப்படியே இருக்கிறது. செயல்களின் பட்டியலும் மாறிவிட்டது. தயாரிப்பாளர் புதிய விதிகளுக்கான கோப்பையும் ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கட்டணமில்லாமல் அனுப்பினார், அது பாராட்டத்தக்கது. ஆனால் பழைய அட்டைக்கும் புதிய அட்டைக்கும் தோற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லை, எந்த ஆண்டின் விதி என்று அட்டையில் எங்கும் குறிக்கப்படவில்லை. இரண்டையும் அச்சிட்டு ஒரே பெட்டியில் போட்டவர் எந்தக் களைப்பு எது என்று ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். நான் பழையவற்றின் கீழ்மூலையில் 14 என்றும் புதியவற்றில் 24 என்றும் சிறிதாக எழுதிவைத்திருக்கிறேன்.

இன்று மறுபடி தொடங்குவதானால் நிலை அட்டைகளின் இரண்டு பக்கங்களை மட்டும் முதலில் அச்சிடுவேன், ஒவ்வொன்றையும் நூலோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகு. புதியவர்கள் மேசைக்கு வந்தால் செயல் அட்டைகளில் ஆளுக்கு ஒரு கட்டு; டாட்ஜ், ரெடி இரண்டையும் கையால் எழுதிய அட்டைகளால் மாற்றிவிட்டு. மந்திர அட்டைகளை ஒட்டுமொத்தமாக அச்சிட மாட்டேன், யாருக்கு எந்த மந்திரம் தெரியுமோ அதை மட்டும், அதிலும் கண் குறி உள்ளவற்றையும் முழுவதும் அடங்கியவற்றையும் மட்டும். போன வாரம் எங்கள் மந்திரவாதி தன் கட்டிலிருந்து உருமாற்ற அட்டையை உருவி என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நூலில் அந்தப் பக்கத்துக்கு ஒரு நூல்கயிற்றை வைத்துக்கொண்டார்.